ரெண்டாம் உலகப்போர்ல காயம்பட்ட விமானப்படை வீரர்னா உங்களுக்கு யார் ஞாபகத்துக்கு வராங்க?

எனக்கு ஹென்றி எர்வின் தான். அமெரிக்காவுல அலபாமாக்காரர், செம்பட்டை முடி, அதனால ரெட்னு கூப்பிடுவாங்க. பி-29 குண்டுவீச்சு விமானத்துல ரேடியோ ஆபரேட்டர்.

1945 ஏப்ரல் 12, குவாம் தீவுலேர்ந்து கிளம்பி ஜப்பான்ல கோரியாமாவ தாக்கப் போறாங்க. இவருக்கு ரேடியோ போக இன்னொரு வேலையும் உண்டு, கூட வர்ற விமானங்கள் ஒண்ணு சேர்றதுக்கு அடையாளமா பாஸ்பரஸ் புகை குண்ட ஒரு குழாய் வழியா கீழ போடணும். அன்னிக்கு ஒரு குண்டு குழாய்க்குள்ளயே வெடிச்சு திரும்பி வந்து நேரா இவர் முகத்துல அடிச்சிருச்சு. மூக்கு போச்சு, கண்ணு சுத்தமா தெரியல. விமானம் பூரா புகை, பைலட்டுக்கு எதுர்ல இருக்கிற மீட்டர் கூட தெரியல, விமானம் பாட்டுக்கு கீழ போயிட்டிருக்கு. இவர் அந்த எரியிற குண்ட தடவித் தடவி கையில எடுத்துக்கிட்டு முன்பக்கமா தவழ்ந்து போறார், நடுவுல நேவிகேட்டர், அதாவது பாதை பாத்துச் சொல்றவரோட மேசை வழிய மறிக்குது, அதோட ஸ்பிரிங் பூட்ட திறக்க கை வேணுமேன்னு குண்ட அக்குள்ல குடை இடுக்கிற மாதிரி கைக்கும் விலாவுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு, பூட்டத் திறந்து, மேசையத் தூக்கி, தாண்டிப் போய் கோ-பைலட் ஜன்னல் வழியா வெளிய வீசிட்டு அப்படியே விழுந்துட்டார். புகை விலகி பைலட் விமானத்த நிமித்தினப்போ உயரம் வெறும் 300 அடி.

இதோட கதைய முடிச்சிருவாங்க நிறைய பேர். நான் கொஞ்ச வருஷம் தீக்காய வார்டுல நர்ஸா இருந்தேன், அதனால எனக்கு இதுக்கு அப்புறம் நடந்தது தான் நெஞ்ச அடைக்கும். டிரஸ்ஸிங் மாத்துற டிராலி சத்தம் கேட்டாலே பெரிய பெரிய ஆம்பளைங்க அழுவாங்க. அது சாதா தீ. பாஸ்பரஸ் அப்படி இல்ல, காத்து பட்டா திரும்பவும் பத்திக்கும். ஐவோ ஜிமா தீவுல இறக்கி டாக்டருங்க உடம்புலேர்ந்து ஒவ்வொரு துணுக்கா எடுக்க எடுக்க அது மறுபடி எரிஞ்சிருக்கு.

பிழைக்க மாட்டார்னே முடிவு பண்ணிட்டாங்க. சாகறதுக்குள்ள குடுத்துரணும்னு அந்த குண்டுவீச்சுப் படையோட தலைவர் ஜெனரல் லெமே அவசரப்படுத்தி, அமெரிக்க ராணுவத்தோட மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானர, ஹவாய்ல காட்சிக்கு வச்சிருந்தத எடுத்து விமானத்துல வரவழைச்சு, ஒரே வாரத்துல, 19ஆம் தேதி, கட்டுப்போட்டு படுத்திருந்தவருக்கு குவாம்ல குடுத்தாங்க.

ஆனா மனுஷன் பிழைச்சார்! 30 மாசம் ஆஸ்பத்திரி, 41 ஆபரேஷன். பார்வை திரும்பிச்சு. 1947ல டிஸ்சார்ஜ் ஆனவர் நேரா எங்க போனார் தெரியுமா, திரும்பவும் ஆஸ்பத்திரிக்கே. பர்மிங்ஹாம்ல முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரியில, அவங்களுக்கு என்னென்ன உதவி கிடைக்கும்னு எடுத்துச் சொல்ற வேலை, 37 வருஷம். காயத்தோட வர்றவன் எதுர்ல அந்த முகத்தோட இவர் உக்காந்திருந்தா அவனுக்கு எவ்ளோ தெம்பா இருந்திருக்கும், வார்டுல நின்னவளுக்கு அது புரியும். 2002 ஜனவரியில இறந்தார், வயசு 80.