மேட்டைக் குறைக்கச் சொன்ன மூக்கில் நுனியையும் மாற்றிவிட்டார்கள்: சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி: எனக்கு வயது 29. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். சிறுவயதில் விழுந்து அடிபட்டதால் என் மூக்குத் தண்டில் ஒரு மேடு இருந்தது. அதை மட்டும் குறைத்தால் போதும், அப்பாவின் சாயல் மாறக் கூடாது என்று தெளிவாகச் சொல்லி, சென்னையில் உள்ள ஒரு தனியார் அழகியல் மருத்துவமனையில் 1,80,000 ரூபாய் கட்டி அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். ‘செய்ததே தெரியாது, நூறு சதவீதம் இயற்கை’ என்பது அவர்களுடைய விளம்பரம். எப்படி வரும் என்று கணினியில் படமும் காட்டினார்கள். இப்போது 14 மாதங்கள் ஆகிவிட்டன. நுனி கிள்ளியதுபோல் ஒடுங்கி மேல்நோக்கி நிற்கிறது; வலது துவாரத்தில் மூச்சும் சரியாக வருவதில்லை. மூக்கின் நடுச்சுவரிலிருந்து குருத்தெலும்பு எடுத்து நுனியை உயர்த்தியதாக டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருப்பதை இப்போதுதான் கவனித்தேன். கேட்டதற்கு, இலவசமாக மறு அறுவை செய்து தருவதாகவும், அதற்கு முன் ‘எந்தப் புகாரும் இல்லை’ என்று கையொப்பமிட்டுத் தர வேண்டும் என்றும் சொல்கிறார்கள். என் படங்களை அவர்களுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்திலும் போட்டிருக்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: அந்தக் கடிதத்தில் கையொப்பமிடாதீர்கள். மற்றவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

கட்டணம் பெற்றுக்கொண்டு அளிக்கப்படும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பதை, இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் வி.பி. சாந்தாவுக்கும் இடையிலான வழக்கில் 1995-ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. (வழக்கறிஞர்களாகிய எங்களை அந்தச் சட்டம் தொடாது என்று 2024-இல் தீர்ப்பு வந்திருக்கிறது, மருத்துவர்கள் அதைக் குறித்து மனத்தாங்கல் கொண்டால் அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.) அழகுக்காகச் செய்துகொண்ட சிகிச்சை என்பதால் உங்கள் உரிமை எந்த வகையிலும் குறைந்துவிடாது. உடல்நலத்துக்கு அவசியமில்லாத, நோயாளியின் விருப்பத்தின்பேரில் மட்டுமே செய்யப்படும் அறுவை என்பதால், அதன் ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் விளக்கும் கடமை மருத்துவருக்குக் கூடுதலாகவே இருக்கிறது என்பது என் கருத்து.

ஆனால், ‘இயற்கையாக இருக்கும் என்றார்கள், இயற்கையாக இல்லை’ என்ற ஒன்றை மட்டும் நம்பி வழக்குத் தொடுத்தால் தோற்பதற்கே வாய்ப்பு அதிகம். ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம், ஒரு மருத்துவர் அத்துறையின் சராசரித் திறனுடைய மருத்துவர் காட்டும் கவனத்தைக் காட்டினாரா என்பதுதான் அளவுகோல், விளைவு திருப்திகரமாக அமையவில்லை என்பதால் மட்டும் அது கவனக்குறைவு ஆகிவிடாது என்பதாகும். மூக்கு அழகாக இருக்கிறதா என்பதில் இரண்டு மருத்துவர்களுக்கே இரண்டு கருத்து இருக்கும். கணினியில் காட்டிய படத்தை ‘உத்தேசமானது’ என்ற ஒரு வரியைக் காட்டி மருத்துவமனை எளிதில் கடந்துவிடும். ‘நூறு சதவீதம்’ என்ற விளம்பரத்தின் நிலை வேறு. பொய்யான உத்தரவாதம் தரும் விளம்பரம் தவறான விளம்பரம் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(28) சொல்வதால், அதை மனுவில் துணை வாதமாகச் சேர்க்கலாம். விளம்பரத்தின் திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்), பக்கத்தின் பெயரும் தேதியும் தெரியும்படி இன்றே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் போன மறுநாள் அது அங்கே இருக்காது.

உங்கள் வழக்கின் உயிர்நாடி சம்மதம்தான். மேட்டைக் குறைக்க நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள். நடுச்சுவரிலிருந்து குருத்தெலும்பு எடுத்து நுனியின் வடிவத்தையே மாற்றுவதற்கு ஒப்புக்கொண்டீர்களா? சமீரா கோலி வழக்கு (2008) இதற்கு நேரடியாகப் பொருந்துகிறது. பரிசோதனைக்கான லேப்ராஸ்கோபிக்கு (சிறு துளை வழியாக வயிற்றின் உள்ளே பார்ப்பது) மட்டும் சம்மதித்த ஒரு பெண் மயக்கத்தில் இருந்தபோது, அவருடைய தாயாரிடம் ஒப்புதல் பெற்றுக்கொண்டு மருத்துவர் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார். ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்கு ஆகாது என்றும், உயிரைக் காக்கவோ உடல்நலத்தைக் காக்கவோ தள்ளிப்போட முடியாத நிலையில் மட்டுமே கூடுதல் அறுவையைச் சம்மதமின்றிச் செய்யலாம் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. மூக்கு நுனியை உயர்த்துவது அத்தகைய அவசரம் என்று எவரும் வாதிட முடியாது. அதே வழக்கில், மருத்துவர் நல்லெண்ணத்துடன் செயல்பட்டார் என்று கருதி, அவருக்குக் கட்டணம் கிடையாது என்றதோடு 25,000 ரூபாய் மட்டுமே இழப்பீடாக வழங்கப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோடிக்கணக்கில் வாங்கித் தருவதாக யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

மருத்துவமனையின் பதில் எப்படி இருக்கும் என்பதை என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. மேட்டைச் சீவினால் நுனி தொங்கியதுபோல் தெரியும், ஆகவே அதைத் தாங்கிப் பிடிப்பதும் அதே அறுவையின் பகுதிதான் என்பார்கள். மருத்துவ ரீதியாக அது முற்றிலும் பொய்யான வாதமும் அல்ல. அப்படியானால் அதை முன்கூட்டியே உங்களிடம் விளக்கினார்களா என்பதே கேள்வி. இதற்கான விடை அநேகமாக இரண்டு தாள்களில் இருக்கும். ஒன்று, பணம் கட்டுவதற்கு முன் உங்களுக்குக் கொடுத்த எஸ்டிமேட். அதில் ‘ஹம்ப் ரிடக்‌ஷன்’ (மேட்டைக் குறைத்தல்) என்று மட்டும் இருந்தால் அது உங்கள் பக்கம். ‘செப்டோரைனோபிளாஸ்டி’ என்றோ ‘டிப் பிளாஸ்டி’ என்றோ இருந்தால், அந்தச் சொல்லுக்குள் நடுச்சுவரும் நுனியும் அடங்கியிருக்கின்றன என்று அவர்கள் சொல்வார்கள். மற்றொன்று சம்மதப் படிவம். ‘தேவைப்படும் பிற சிகிச்சைகளுக்கும் சம்மதிக்கிறேன்’ என்ற பொதுவான வரி எல்லா அச்சுப் படிவங்களிலும் இருக்கும். அந்த வரி இருப்பதைக் கண்டு மனம் தளர வேண்டாம். எந்த அறுவை என்று கையால் நிரப்பும் இடத்தில் என்ன எழுதியிருக்கிறது, அது வெறுமையாக விடப்பட்டிருக்கிறதா, பிறகு வேறு மையில் நிரப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஆங்கிலப் படிவத்தை உங்களுக்குத் தமிழில் யாராவது விளக்கினார்களா என்பதும் முக்கியம்.

இந்தத் தாள்களைப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைக் கொடுத்தாக வேண்டும். ஆனால் உள்நோயாளிகளின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வரை பாதுகாத்தால் போதும் என்பதும் அதே விதிதான். எனவே, சம்மதப் படிவம், அறுவைக் குறிப்பு, மயக்கமருந்துக் குறிப்பு, அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், கணினியில் காட்டிய படம் ஆகியவற்றின் நகல்களைக் கேட்டு, ஒப்புகைச் சான்றுடன் விரைவுத் தபாலில் இந்த வாரமே ஒரு கடிதம் அனுப்புங்கள். தர மறுத்தால், அந்த மறுப்பையே அவர்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளும்படி நுகர்வோர் ஆணையத்திடம் வாதிடலாம்.

இழப்பீட்டைக் கணக்கிடும்போது உங்களுக்குப் பெரிதும் உதவக்கூடியது மூச்சுத் தடைதான், ஏனெனில் அழகு போலன்றி அதைச் சோதித்துப் பார்க்க முடியும். தண்டின் மேட்டைச் சீவும்போது பக்கவாட்டுக் குருத்தெலும்புகள் நடுச்சுவரிலிருந்து பிரிந்து, மூக்கின் உள்ளே உள்ள மிகக் குறுகலான வழி உள்வாங்கிவிடக்கூடும் என்பதும், அதைத் தடுக்கத் தேவையான இடத்தில் மெல்லிய குருத்தெலும்புப் பட்டைகளைச் செருகுவார்கள் என்பதும் அத்துறையினர் அறிந்த பால பாடம். அதைப் பரிசீலித்தார்களா என்பது அறுவைக் குறிப்பில் தெரியும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற ஓர் அரசு மருத்துவமனையின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் எண்டோஸ்கோப்பி, தேவையெனில் சி.டி. ஸ்கேன் செய்து, எழுத்துமூலமாகக் கருத்துப் பெறுங்கள். எல்லா மருத்துவ வழக்குகளுக்கும் நிபுணர் சாட்சியம் கட்டாயம் இல்லை என்று கிஷன் ராவ் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் கூறியிருந்தாலும், உங்கள் வழக்கு அந்தச் சலுகையை நம்பக்கூடிய வகை அல்ல.

மறு அறுவையைப் பொறுத்தவரை, அது உங்களுக்குத் தேவைப்படலாம். ஆனால் அது நடந்தவுடன் முதல் அறுவையின் தடயம் உருமாறிவிடும் என்பதை மறக்காதீர்கள். எல்லாக் கோணங்களிலும் படங்களும் மருத்துவ அறிக்கையும் கையில் வந்த பிறகு, நீங்கள் நம்பும் வேறொரு மருத்துவரிடம் செய்துகொண்டு, அந்தச் செலவை இழப்பீட்டில் சேர்த்துக் கேட்பதே நல்லது. அதே மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தால், ‘என் சட்ட உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்ற வாசகத்துடன் நீங்களே கடிதம் எழுதுங்கள். அவர்கள் நீட்டும் தாளில் கையொப்பமிட்டால், பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று பிறகு அதையே ஆணையத்தின் முன் வைப்பார்கள்.

வழக்குத் தொடுக்கும் காலக்கெடு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 69-இன்படி 2 ஆண்டுகள். விளைவு உடனே தெரியாத வழக்குகளில் அது தெரியவந்த நாளிலிருந்து கணக்கிடலாம் என்று ஸ்ரீகண்டே வழக்கில் (2010) சொல்லப்பட்டது உண்மையே. நுனி வீக்கம் முழுமையாக வடிய ஓராண்டு ஆகும் என்று மருத்துவர்களே சொல்வதால் உங்களுக்கு அந்த வாதம் இருக்கிறது. ஆனால் அந்த வழக்கிலேயே, நெடுங்காலம் அக்கறையின்றி இருந்துவிட்டார் என்று அந்த நோயாளியின் மனு தள்ளப்பட்டது. அறுவை நடந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். உங்களுக்கு இன்னும் சுமார் 10 மாதங்கள் இருக்கின்றன.

வழக்குக்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யப் பிரிவு 34 வழிவகுக்கிறது. செலுத்திய தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை மனுக் கட்டணமும் இல்லை. மனுவை அரசின் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் பதிவு செய்யலாம். காவல் நிலையத்துக்குச் செல்வதால் இப்போதைக்குப் பயனில்லை. குற்றவியல் பொறுப்புக்கு மிகக் கடுமையான கவனக்குறைவு தேவை என்பது சட்டம்.

படங்களைப் பற்றிய புகார் தனி. உங்களை அடையாளம் காணக்கூடிய வகையில் படத்தை உங்கள் அனுமதியின்றி மருத்துவர் வெளியிடுவதை அதே 2002 விதிகள் தடுக்கின்றன. விளம்பரம் செய்து நோயாளிகளை ஈர்ப்பதையும் அவை அனுமதிப்பதில்லை. சம்மதப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் படங்களுக்கான அனுமதியைச் சேர்த்து வாங்கியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இல்லையெனில், படங்களை நீக்கச் சொல்லி மருத்துவமனைக்கு எழுதிவிட்டு, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் அந்த மருத்துவரின் பதிவு எண்ணைக் குறிப்பிட்டுப் புகார் கொடுக்கலாம். கவுன்சில் எச்சரிக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்குப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம். இழப்பீடு வழங்கும் அதிகாரம் அதற்கு இல்லை என்பதால், அந்தப் புகாரின் முடிவுக்காக நுகர்வோர் மனுவைத் தள்ளிப்போட வேண்டாம்.