கணினியின் உடல்நலத்தைத் தானாகச் சோதிக்கும் மென்பொருளுக்குக் காசு கட்டலாமா?

ஒட்டுசுட்டானில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். லப்டொப் மந்தமாகிவிட்டது. இலவசமாக இறக்கிய சோதனை மென்பொருள் ஒன்று 1,247 பிரச்சினைகள் இருப்பதாகச் சிவப்பில் காட்டுகிறது. காசு கட்டினால் எல்லாவற்றையும் திருத்துமாம். கட்டலாமா?

கட்டாதீர்கள்.

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். இதே சிவப்புத் திரையோடு மாதத்தில் நாலைந்து பேராவது வருவார்கள். அந்த 1,247இல் பெரும்பாலானவை இணையத்தளங்கள் விட்டுப்போன குக்கிகள், தற்காலிகக் கோப்புகள், எப்போதோ அழித்த மென்பொருட்களின் பெயர்கள் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் இடம்) மிஞ்சிக் கிடப்பவை. ஒவ்வொன்றையும் ஒரு நோயாக எண்ணிக் காட்டுகிறது, அவ்வளவுதான். அவற்றை அழித்து லப்டொப் வேகமானதை நான் கண்டதில்லை. ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவாக்கும் மென்பொருட்களுக்குத் தங்கள் ஆதரவு இல்லை என்று மைக்ரோசொஃப்ட்டே சொல்லியிருக்கிறது. பிழையான ஒன்றை அழித்துவிட்டால் விண்டோஸை முழுதாகத் திரும்பப் போட வேண்டி வரலாம்.

சிவப்பைவிட எனக்குப் பயம் பச்சையில்தான். போன வருடம் முள்ளியவளையில் இருந்து ஒரு ரீச்சர் வந்தார். இப்படியான மென்பொருள் ஒன்று "மிக நன்று" என்று பச்சையில் காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் கோப்புறை ஒன்றைத் திறந்தால் அரை நிமிடம் அப்படியே நிற்கும். ஹாட் டிஸ்க்கில் காதை வைத்தேன். டிக், டிக் என்று ஒரு சத்தம், பிறகு அமைதி, மறுபடி டிக். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் மஞ்சளில் "கோஷன்" (எச்சரிக்கை) என்று நிற்கிறது. சி5 என்ற வரியின் கடைசியில் பி8. அங்கே எண்கள் வழக்கமாகப் பதினாறை அடியாகக் கொண்ட பதினறும முறையில்தான் தெரியும். பி8 என்றால் 184. வாசிக்க முடியாமல் 184 இடங்கள் காத்துக் கிடக்கின்றன என்று பொருள்.

அந்த டிஸ்க்கில் இருந்தவை அவருடைய குடும்பப் படங்கள். 2009இல் இடம்பெயர்ந்தபோது வீட்டு அல்பம் போய்விட்டது. பிறகு வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா தன்னிடமிருந்த பழைய படங்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். அவரும் இப்போது இல்லை. வன்னியில் இப்படி எத்தனை வீடுகள்! அன்று நான் வேறெந்தச் சோதனையும் ஓட்டவில்லை. முதலில் படங்களை வெளி டிஸ்க் ஒன்றுக்கு ஏற்றினேன். இரவு பத்து மணிவரை போனது, ஏழு படங்கள் மட்டும் வரவில்லை. இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்: டிஸ்க்கில் சந்தேகம் வந்தால் முதல் வேலை பிரதி எடுப்பது. பிழை தேடும் செக் டிஸ்க், கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக் எல்லாம் அதற்குப் பிறகு. சாகக் கிடக்கும் டிஸ்க்கை முழுதாக வாசித்துச் சோதித்தால் மிச்சமும் போய்விடலாம்.

சரி, உங்கள் லப்டொப்புக்கு வருவோம். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ இலவசம். டிஸ்க் தன்னைப்பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவை வாசித்துக் காட்டுவதுதான் அதன் வேலை. ஹாட் டிஸ்க் என்றால் 05 (பழுதாகி மாற்றப்பட்ட இடங்கள்), சி5 (வாசிக்க முடியாமல் காத்துக் கிடப்பவை), சி6 (திருத்த முடியாதவை) என்ற மூன்று வரிகளும் பூச்சியமாக இருக்க வேண்டும். அதற்காக நீலத்தில் "குட்" என்று வந்ததும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கூகிள் தன்னிடமிருந்த ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பழுதானவற்றில் 36 சதவீதத்துக்கும் மேற்பட்டவை வெப்பநிலை தவிர வேறெந்த ஸ்மார்ட் அறிகுறியும் காட்டாமலே போயிருந்தன. படங்களுக்கு எப்போதும் இன்னொரு பிரதி இருக்கட்டும்.

அடுத்தது, விண்டோஸ் தானாகவே எழுதும் நாட்குறிப்பு. ஸ்டார்ட்டில் ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் தட்டினால் "வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி" வரும். ஒன்றிலிருந்து பத்துவரை புள்ளி காட்டும் ஒரு கோடு, கீழே நாள்வாரியாகச் சிவப்புப் புள்ளடிகள். புள்ளியை விடுங்கள், நேரத்தைப் பாருங்கள். அக்கராயனில் இருந்து வந்த ஒரு தம்பியின் மேசைக் கணினியில் "ஒழுங்காக நிறுத்தப்படவில்லை" என்ற புள்ளடி அநேகமாகக் காலை ஆறு மணியை ஒட்டியே விழுந்திருந்தது. அது பக்கத்து வளவில் தண்ணீர் இறைக்கும் மோட்டர் போடும் நேரம். கரண்ட் ஒரு கணம் தாழ்ந்து எழும்ப, கணினி விழுந்துவிடும். கரண்ட் தாழ்ந்தாலும் சிறிது நேரம் பற்றரியில் தாங்கும் யூபிஎஸ் ஒன்று வாங்கி வைத்ததோடு பிரச்சினை தீர்ந்தது. எந்த மென்பொருள் பக்கத்து வளவை எட்டிப் பார்க்கப் போகிறது?

மந்தம் என்றதும் நான் முதலில் பார்ப்பது புழுதியைத்தான். வைகாசி தொடங்கி மழை வரும்வரை இங்கே எழும்பும் செம்மண் புழுதி உங்களுக்குத் தெரியும். விசிறிக்கும் வெப்பத்தை வெளியே விடும் தகட்டுக்கும் நடுவில் அது கம்பளித் துண்டு மாதிரிப் படிந்துவிடும். சூடு 95, 100 பாகைக்குப் போனால் புரொசசர் தன்னைக் காப்பாற்றத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். அப்போது நீங்கள் காண்பது மந்தம், ஆனால் பழுதென்று ஒன்றும் இல்லை. துப்புரவாக்கிப் புரொசசரில் வெப்பம் கடத்தும் புதுப் பசை பூசினாலே பல லப்டொப்புகள் பழைய வேகத்துக்கு வந்துவிடும். கட்டில் விரிப்பின்மேல் வைத்துப் பாவிக்காதீர்கள்.

மைக்ரோசொஃப்ட்டின் "பிசி ஹெல்த் செக்" பற்றியும் ஒரு சொல். அதன் முக்கிய வேலை விண்டோஸ் 11க்கு உங்கள் கணினி பொருந்துமா என்று பார்ப்பது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்று அது சொன்னால் கணினி வருத்தக்காரன் என்று அர்த்தமில்லை. ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது, அதைக் கணக்கில் எடுங்கள்.

இன்றைக்கே படங்களைப் பிரதி எடுத்துவிட்டு அந்தச் சிவப்புத் திரை மென்பொருளை அழியுங்கள். அப்புறம் 05, சி5, சி6 வரிகளைப் படமெடுத்து இந்தப் பதிலின் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அவை பூச்சியமாக இருந்தும் மந்தம் போகாவிட்டால் உங்கள் பக்கத்திலேயே விசிறியைக் கழற்றித் துடைக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள், இதற்காகக் கிளிநொச்சிவரை வரவேண்டியதில்லை.