லோடு ஏற்றினால் இழுக்காத டர்போ லாரி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆறு சிலிண்டர் டர்போ டீசல் லாரி. காலியாக ஓடும்போது குறை தெரியவில்லை. லோடு ஏற்றினால் மேட்டில் இழுவை இல்லை, கரும்புகை தள்ளுகிறது, ஆக்சிலேட்டரை மிதித்தால் 'உஸ்' என்று சத்தம் வருகிறது. டர்போ போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். கரும்புகை வருகிறது என்றால் டீசல் போகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை. கூடவே 'உஸ்' சத்தமும் இருப்பதால், டர்போ அழுத்தி அனுப்பும் காற்று வழியில் எங்கோ வெளியேறுகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். டர்போவைக் கழற்றுவது கடைசி வேலை.

முதலில் அளந்து பாருங்கள். நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை மிதிப்பதால் எதுவும் தெரியாது. லோடு இருந்தால்தான் டீசல் நிறைய எரியும், புகைப்போக்கில் சூடும் வேகமும் கூடும், அதனால் சுழலும் டர்போவின் சக்கரமான டர்பைனும் வேகம் பிடிக்கும். இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாயில்) உள்ள டெஸ்ட் போர்ட்டில் 0 முதல் 4 பார் வரை காட்டும் கேஜை இணைத்து, ஹோஸைக் கேபினுக்குள் கொண்டுவாருங்கள். லோடுடன் ஒரு நீண்ட மேட்டில், முழு ஆக்சிலேட்டரில், கையேடு சொல்லும் ஆர்பிஎம்மில் கேஜ் என்ன காட்டுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் குறித்துக்கொள்ளட்டும். பல லாரி எஞ்சின்களில் 1.5 முதல் 2.5 பார் வரை வரும். ஆனால் உங்கள் எஞ்சினுக்கு எவ்வளவு என்பதைக் கையேட்டைப் பார்த்துதான் முடிவு செய்ய வேண்டும்.

பூஸ்ட், அதாவது டர்போ கொடுக்கும் காற்றழுத்தம், குறைவு என்று உறுதியானால் ஏர் ஃபில்டரில் தொடங்குங்கள். பல எஞ்சின்களில் உறிஞ்சும் பக்கத் தடை 25 அங்குல நீர்மட்டத்தை, அதாவது ஏறக்குறைய 635 மி.மீ. தொட்டால் ஃபில்டரை மாற்றிவிட வேண்டும். இண்டிகேட்டர் சிவப்புக் காட்டுவது இதற்குத்தான். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள ஹோஸின் உள்ளடுக்கு உரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெளியே நன்றாகத் தெரியும் ஹோஸ், உறிஞ்சும்போது உள்ளே ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும்.

அடுத்தது டர்போ, இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்), மேனிஃபோல்டை இணைக்கும் ஹோஸ்கள். பெரும்பாலான கோளாறு இங்கேதான் கிடைக்கும். கிழிசல் பெரும்பாலும் அடிப்பக்கத்தில், கிளாம்பை ஒட்டி இருக்கும். எஞ்சின் ஓடாதபோது அது மூடிக்கொண்டிருக்கும், அழுத்தம் ஏறினால்தான் வாய் பிளக்கும். குழாய்க்குள் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது சகஜம். ஆனால் ஒரு இணைப்பைச் சுற்றி வெளியே எண்ணெயும் தூசியும் வளையமாகப் படிந்திருந்தால் காற்று அங்கேதான் கசிகிறது. அந்த ஹோஸைக் கழற்றி, குழாய் முனையிலும் ஹோஸின் உட்புறத்திலும் எண்ணெய்ப்பசை இல்லாமல் துடையுங்கள். முனையில் உள்ள மேட்டு விளிம்பைத் தாண்டி ஹோஸைத் தள்ளி மாட்டி, டி-போல்ட் கிளாம்ப் போடுங்கள். சாதாரண ஸ்க்ரூ கிளிப் சூட்டில் தளர்ந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத கசிவுக்குச் சோப்புத் தண்ணீர் வேண்டும். டர்போவின் உறிஞ்சும் வாயை அடாப்டரால் அடைத்து, ரெகுலேட்டர் வழியாக 0.5 முதல் 1 பார் வரை மட்டும் காற்று கொடுங்கள். பிரீதர் ஹோஸ் (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளிவிடும் குழாய்) இன்டேக்கில் சேரும் வண்டியாக இருந்தால் அதை முன்பே அடைத்துவிடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், கை ஃபேன் பக்கம் போகவேண்டாம். இந்தச் சோதனையில் அழுத்தம் அப்படியே நிற்காது, வால்வு திறந்திருக்கும் சிலிண்டர் வழியாகக் கொஞ்சம் காற்று போகத்தான் செய்யும். கேஜ் இறங்குகிறதே என்று பயப்படாமல் நுரை எங்கே கிளம்புகிறது என்று பாருங்கள். சைலன்சர் வாயில் காற்று பலமாக வந்தால் இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கை மீண்டும் இன்டேக்குக்கு அனுப்புவது) மூடவில்லையோ என்று சந்தேகிக்கலாம்.

இன்டர்கூலரைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும். இரு வாய்களையும் அடைத்து, ஏறக்குறைய 2 பார், அதாவது 30 பிஎஸ்ஐ அளவில் காற்று ஏற்றி வால்வை மூடுங்கள். 15 விநாடியில் 5 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் கோரில் ஓட்டை என்று கொள்வது பல எஞ்சின்களில் வழக்கம். சில தயாரிப்பாளர்கள் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் அனுமதிக்கிறார்கள். அடைப்பான்களைச் சங்கிலியால் கட்டாமல் இதைச் செய்யவே கூடாது. பிடுங்கிக்கொண்டால் தோட்டா வேகத்தில் வரும், அதற்கு நேர் எதிரே யாரும் நிற்க வேண்டாம்.

இதிலும் ஒன்றும் கிடைக்கவில்லையா? புகைப்போக்குப் பக்கம் போங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டிலோ விரிசலிலோ கரி படிந்திருந்தால், டர்பைனைச் சுற்ற வேண்டிய வாயு அங்கேயே வெளியேறுகிறது. காலையில் குளிர்ந்த எஞ்சினில் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடேறியதும் குறையும் சத்தம் இதன் அடையாளம். டர்பைனுக்குப் பிறகு எக்ஸாஸ்ட் பிரேக்கின் மடல் பாதியில் சிக்கினாலும், சைலன்சரோ டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டியோ அடைத்தாலும் பூஸ்ட் குறையும்.

இத்தனையும் சரியாக இருந்தால் டர்போவின் வாயைத் திறந்து ஷாஃப்டை ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் சிறு ஆட்டம் இருப்பது இயல்பு, பேரிங் எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் வகை. சக்கரம் உறையை உரசினாலோ, முன்னும் பின்னும் ஆட்டம் கைக்குத் தெரிந்தாலோ கழற்ற வேண்டியதுதான்.

கேள்வி: எங்கள் வண்டியிலும் பூஸ்ட் குறைவுதான், ஆனால் புகையே இல்லை. கசிவும் இல்லை.

அப்படியென்றால் டீசல் பக்கம் பாருங்கள். போதிய டீசல் எரியாவிட்டால் டர்பைனைச் சுற்றவும் சூடு இருக்காது. ஃப்யூயல் ஃபில்டர், டேங்கிலிருந்து வரும் குழாயில் காற்றுக் கசிவு, ஃபீட் பம்பின் அழுத்தம் மூன்றையும் சோதியுங்கள். மெக்கானிக்கல் பம்ப் உள்ள எஞ்சினில் மேனிஃபோல்டிலிருந்து பம்பின் டயாஃப்ரத்துக்குப் போகும் சிறு குழாய் ஒன்று உண்டு. அது வெடித்திருந்தால் பம்புக்குப் பூஸ்ட் வந்ததே தெரியாது, டீசலை முழுதாக விடாது. டீசல் குறைவதால் பூஸ்டும் ஏறாது. சிறு குழாய்தான், பலர் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

எலக்ட்ரானிக் எஞ்சினில் பூஸ்ட் குறைந்ததும் ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) தானே டீசலைக் குறைத்துவிடும். அதனால் புகை இல்லை என்பதை மட்டும் வைத்துக் கசிவு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

கேள்வி: வேஸ்ட்கேட் ராடை இறுக்கினால் பூஸ்ட் கூடும் என்கிறார்களே?

கூடும்தான். பூஸ்ட் எல்லை மீறாமல் இருக்க, புகையில் ஒரு பங்கை டர்பைனைத் தொடாமல் திருப்பிவிடும் மடல்தான் வேஸ்ட்கேட். கசிவு இருக்கும்போது இறுக்கினால், போன காற்றை ஈடுகட்ட டர்போ அளவுக்கு மீறிச் சுழலும். ராடைத் தொடாமல், அதை நகர்த்தும் ஆக்சுவேட்டருக்கு ரெகுலேட்டரால் காற்று கொடுத்து, எந்த அழுத்தத்தில் நகரத் தொடங்குகிறது என்று கையேட்டுடன் ஒப்பிடுங்கள்.

இன்னொன்று: காற்றழுத்தத்தால் வேஸ்ட்கேட் திறக்கும் வகையில் டயாஃப்ரம் கிழிந்தால் பூஸ்ட் குறையாது, எல்லை மீறிக் கூடும். பூஸ்ட் குறையக் காரணம், மடல் கரி பிடித்துத் திறந்தே நிற்பது அல்லது ஸ்ப்ரிங் தளர்ந்தது. 'ஆக்சுவேட்டர் கிழிந்ததால் இழுவை போச்சு' என்று யாராவது சொன்னால், உங்களுடையது எந்த வகை என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் திருப்பினாலும் ஸ்கேனரில் பூஸ்ட் 1 பார் காட்டுகிறது. சென்சார் கெட்டதா?

இல்லை. சென்சார் வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டுகிறது. கடல்மட்டத்தில் 1 பார்தான் வர வேண்டும், 1000 மீட்டர் உயரத்தில் 0.9 பார் அளவில் வரும். 1.3 என்று காட்டினால் சென்சாரைச் சந்தேகியுங்கள். கேஜ் 1.6 காட்டும்போது ஸ்கேனர் 2.6 காட்டினால் இரண்டும் ஒன்றே.

கேள்வி: புது டர்போவும் சீக்கிரமே போய்விட்டது. தரமில்லாததா?

பழையதைப் பாருங்கள். கம்ப்ரசர் இறக்கையின் முன்விளிம்பு அரம் போட்டதுபோல் தேய்ந்திருந்தால் ஃபில்டரைத் தாண்டித் தூசி போகிறது. அந்த வழியை அடைக்காமல் அடுத்ததை மாட்டினாலும் இதே கதிதான். பேரிங் கருகியிருந்தால் எண்ணெய் வரும் குழாயைப் பாருங்கள். இரு பக்கமும் எண்ணெய் வடிந்தால், திரும்பும் குழாய் அடைத்திருக்கலாம், அல்லது கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிப்பகுதி) அழுத்தம் கூடியிருக்கலாம். எண்ணெய் ஃப்ளாஞ்சில் சிலிக்கான் பசை பூசாதீர்கள், பிதுங்கி உள்ளே போய் வழியை அடைக்கும். புதியதை மாட்டும்போது எண்ணெய் வாயில் சுத்தமான எஞ்சின் ஆயிலை ஊற்றி ஷாஃப்டைக் கையால் சுற்றிவிட்டு, ஸ்டார்ட் செய்தபின் ஆயில் அழுத்தம் வரும்வரை ஐடிலிலேயே விடுங்கள்.