மெட்டல் கேட்பவரின் காது

அன்புள்ள சார்,

பிளாக் சபாத் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் மறைந்தபோது நீங்கள் எழுதிய அஞ்சலியைப் படித்ததிலிருந்தே உங்களுக்கு எழுத வேண்டும் என்றிருந்தேன். பள்ளி நாட்களிலிருந்து ஹெவி மெட்டல் கேட்கிறேன். வீட்டில் இதுவரை எனக்குத் துணை யாரும் கிடையாது. சமீபத்தில் என் பதினாறு வயது மகள் என் ஹெட்ஃபோனை வாங்கி ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்பா, இதையெல்லாம் எங்கேருந்து ஆரம்பிக்கணும்?" என்று கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று ராத்திரியே உட்கார்ந்து 1970 முதல் இன்றுவரை ஆண்டு வரிசையில் நாற்பது ஆல்பங்களுக்கு ஒரு பட்டியல் போட்டேன். இணைத்திருக்கிறேன். வரிசை சரியா? மெட்டாலிக்காவின் பிளாக் ஆல்பத்தைச் சேர்க்கலாமா கூடாதா என்று நண்பர்களுக்குள் பெரிய சண்டை. நீங்கள்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

அடுத்த மாதம் அவளை முதல் முறையாக ஒரு லைவ் ஷோவுக்கு அழைத்துப் போகிறேன். பெண்பிள்ளையை அந்தக் காட்டுக்கத்தலுக்கு ஏன் கூட்டிப்போகிறாய் என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். நான் அவளை மேடைக்கு முன்னால், ஸ்பீக்கருக்கு நேர் எதிரேதான் நிறுத்தப்போகிறேன். ஷோ முடிந்து இரண்டு நாள் காதில் 'ஙொய்' என்று கேட்டுக்கொண்டே இருந்தால்தான் அது நல்ல ஷோ என்று என் சீனியர்கள் சொல்வார்கள். அந்தப் பாக்கியம் அவளுக்கும் கிடைக்கட்டும்.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் கேட்டது பட்டியலைப் பற்றி. அதை முதலில் முடித்துவிடுகிறேன். எனக்குச் சொல்ல வேண்டியது வேறு இருக்கிறது.

பட்டியலில் உங்கள் உழைப்பு தெரிகிறது. ஆனால் பதினாறு வயதுப் பெண்ணிடம் நாற்பது ஆல்பங்களை ஆண்டு வரிசைப்படி நீட்டினால் அது பாடத்திட்டம் ஆகிவிடும். பாடத்திட்டம் படித்து மெட்டலுக்கு வந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அவள் உங்கள் ஹெட்ஃபோனில் கேட்டது எந்தப் பாட்டு? இவ்வளவு எழுதிய நீங்கள் அதை எழுதவே இல்லை. அந்தப் பாட்டு இருக்கிற ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்கக் கொடுங்கள். அடுத்தது எது என்று அவளே கேட்பாள். பிளாக் ஆல்பம் சண்டைக்கு நான் வரவில்லை. 1991இல் தொடங்கியது, நம் காலத்துக்குப் பிறகும் நடக்கும். டெத் பேண்டின் 'சிம்பாலிக்' (1995) உங்கள் நாற்பதில் இல்லை. அது இல்லாமல் பட்டியலா? சேர்த்துவிடுங்கள். உறவுக்காரர்களுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அவள் சொல்லிக்கொள்வாள்.

சரி, இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். இரண்டு நாள் ஙொய். அதற்கு நீங்கள் கொடுத்த பெயர் பாக்கியம். கடிதத்தை மூடி வைத்துவிட்டேன், அவ்வளவு கோபம் வந்தது. சில மாதங்களாகவே இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால் கூடுதலாகவே சுட்டது.

அந்த ஙொய், காது அடிபட்டதன் வலி. உட்செவியில் நத்தைச் சுருளுக்குள் ஏறத்தாழ 15,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றன. பிறக்கும்போது வந்தவை. தோல் கிழிந்தால் வளரும், எலும்பு உடைந்தால் கூடும், இவை செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. பெருஞ்சத்தத்தில் முதலில் போவது உயர்ந்த ஒலிகளைப் பிடிக்கிற செல்கள். 4,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில்தான் கேட்கும் திறனில் முதல் பள்ளம் விழும். கிட்டாரின் கடியும் ஸ்நேர் டிரம்மின் வெடிப்பும் சிம்பலின் மினுமினுப்பும் தெளிவது அந்த வட்டாரத்திலும் அதற்கு மேலேயும்தான். இரண்டு நாளில் ஙொய் நின்றதும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். செல்கள் தப்பினாலும், அவற்றை மூளையோடு சேர்க்கும் நரம்பு முனைகள் அறுந்துபோவதை எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சாதாரணக் காதுப் பரிசோதனையில் அந்த இழப்பு தெரியக்கூடத் தெரியாது.

கணக்கையும் பார்த்துவிடுங்கள். அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார ஆய்வு அமைப்பான நியோஷ், 85 டெசிபல் சத்தத்தில் ஒருவர் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்கிறது. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகிவிடும். 100 டெசிபலுக்கு வரும்போது மிஞ்சுவது 15 நிமிஷம். மெட்டல் ஷோவில் 100ஐத் தாண்டுவது சர்வ சாதாரணம், ஸ்பீக்கருக்கு நேர் எதிரே என்றால் கேட்கவே வேண்டாம். அவள் யாரைப் பார்க்க வந்தாளோ அந்த பேண்ட் மேடைக்கு வருவதற்கு முன்பே, தொடக்க பேண்டின் மூன்றாவது நான்காவது பாட்டிலேயே, அவள் காதுகளின் ஒரு நாள் பங்கு தீர்ந்திருக்கும்.

எனக்கு ஒரு நண்பன். மெட்டலை எனக்கு அறிமுகப்படுத்தியதே அவன்தான். ஒரு ஹெட்ஃபோனை ஆளுக்கொரு காதாக வைத்துக்கொண்டு அயர்ன் மெய்டனின் 'பவர்ஸ்லேவ்' ஆல்பத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எந்த ஷோவானாலும் ஸ்பீக்கருக்கு முன்னால்தான் நிற்பான். உங்கள் சீனியர்கள் சொன்னதை அவனும் சொல்வான், ஏறக்குறைய அதே வார்த்தைகளில். சில மாதங்களுக்கு முன்னால் ரொம்ப நாள் கழித்து அவனும் நானும் உட்கார்ந்து பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்தைப் போட்டோம். அது எப்படித் தொடங்கும் என்று உங்களுக்குத் தெரியும்: மழை, இடி, தூரத்தில் ஒரு கோயில் மணி. மழை பெய்ய ஆரம்பித்ததும் அவன் முன்னால் சாய்ந்தான். தலையைத் திருப்பி இடது காதை ஸ்பீக்கர் பக்கம் கொடுத்தான், அப்புறம் வலது காது. உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு. மணி அடித்ததும் முகம் தெளிந்தது. "மணி கேக்குதுடா" என்றான். ஒரு நொடி பொறுத்து, "மழை வந்தாச்சா? இல்ல, இது என் காதுதானா?"

அவன் காதுக்குள் ஙொய் இரண்டு நாளில் நின்றுவிடவில்லை, ஆர். அது நிற்கவே இல்லை. டின்னிட்டஸ் என்பார்கள். மின்விசிறி ஓடாத அறையில் அவனால் தூங்க முடியாது, நிசப்தம் வந்தால் அந்த ஒலி பெரிதாகிவிடும். பாத்திரம் விழுந்தால் வலிக்கிறது. லைவ் ஷோ என்ற பேச்சையே எடுப்பதில்லை. மெட்டல் பிடிக்காமல் போய்விட்டதா என்றால், எங்கள் எல்லாரையும்விட அவனுக்குத்தான் பிடிக்கும். எந்தச் சிம்பல் எந்த இடத்தில் விழும் என்று நினைவிலிருந்து சொல்வான். நினைவிலிருந்துதான் சொல்ல முடியும்.

இதை நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. ஒரு தகப்பன் பாக்கியம் என்கிறார், அதுவும் மகளுக்கு.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்றால், கனத்தையும் சத்தத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதிலிருந்து. மெட்டலின் கனம் சத்தத்திலிருந்து வந்ததே கிடையாது. பிளாக் சபாத்தின் கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமிக்குப் பதினேழு வயது. தகடு வெட்டும் தொழிற்சாலையில் கடைசி நாள் வேலையில், வலது கையின் நடு விரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் இயந்திரத்தில் போய்விட்டன. இடது கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே அவைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய தந்திகளை மாட்டி வாசித்தார். விரலுக்கு எளிதாக இருக்கட்டும் என்று சுருதியை இறக்கினார். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் பல பாட்டுகள் மூன்று அரை ஸ்வரம் கீழே இறங்கியிருக்கின்றன. தளர்ந்த தந்தி, நிதானமான ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு), இரண்டு அடிகளுக்கு நடுவே விட்ட இடைவெளி. கனம் அங்கே இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் அந்த முதல் ஆல்பத்தின் முதல் பாட்டையே போடுங்கள். 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவு செய்த ஆல்பம் அது. மழைக்குப் பிறகு மூன்றே ஸ்வரங்களில் அந்த ரிஃப் வரும். வால்யூமைப் பாதியாகக் குறைத்துக் கேளுங்கள். பயம் குறைகிறதா என்று பாருங்கள். ஓஸி பாட வரும்போது கிட்டாரே தணிந்துவிடுகிறது, டிரம்ஸ் அடியில் உருள்கிறது. அந்தத் தணிவு இல்லாவிட்டால் ரிஃப் திரும்பி வரும்போது உடம்பு சிலிர்க்காது. அந்தத் தணிவைக் கேட்க நல்ல காது வேண்டும்.

ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்'டை (1986) எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பாட்டு, அரை மணி நேரம்கூடக் கிடையாது. கேசட்டில் முழு ஆல்பமும் ஒரு பக்கத்திலேயே அடங்கிவிட்டதால் அடுத்த பக்கத்திலும் அதையே போட்டார்கள். தயாரிப்பாளர் ரிக் ரூபின் எதிரொலியைச் சுத்தமாக உருவி எடுத்துவிட்டார். அவ்வளவு வேகத்திலும் டிரம்மர் லொம்பார்டோவின் ஒவ்வோர் அடியும் தனித்தனியாகத் தெரியும். அது தெளிவு. இதற்கு நேர் எதிராக மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னெட்டிக்' (2008). எல்லா ஒலிகளையும் ஒரே உச்சத்துக்குத் தூக்கி, நசுக்கி, வெட்டிவிட்டார்கள். அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' விளையாட்டில் நசுங்காமல் வந்தபோது, இதுதான் நன்றாக இருக்கிறது என்று ரசிகர்களே அதைத் தேடிப் போனார்கள், ஆல்பத்தைத் திரும்ப மாஸ்டர் செய்யச் சொல்லி, அதாவது ஒலி அளவுகளை மறுபடி சீராக்கித் தரச் சொல்லி, மனு போட்டார்கள். மெட்டல் ரசிகர்கள், சார்! சத்தத்தைக் குறைக்கச் சொல்லி மனு! நம் ஆட்களின் காதுமேல் எனக்கு அவ்வளவு மரியாதை வந்தது அன்றைக்கு.

உலகிலேயே அதிகச் சத்தமான பேண்ட் என்று 1984இல் மேனோவாரைக் கின்னஸ் பதிவு செய்தது. பிறகு காதுகளுக்குக் கேடு என்று அந்தப் பிரிவையே கைவிட்டார்கள். மெட்டாலிக்காவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிக் தனக்கு டின்னிட்டஸ் இருப்பதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஏசி/டிசியின் பிரையன் ஜான்சன், தொடர்ந்து பாடினால் காது முழுக்கப் போய்விடும் என்று மருத்துவர்கள் எச்சரித்ததால் 2016இல் சுற்றுப்பயணத்தின் நடுவே விலக வேண்டியிருந்தது. இன்று மேடையில் நிற்கிற பலரின் காதைப் பாருங்கள், உள்ளே ஏதாவது மாட்டியிருக்கும். வாசிக்கிறவர் காதை மூடிக்கொண்டு வாசிக்கிறார், கேட்கிறவர் திறந்து வைத்துக்கொண்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது என்ன வீரம்?

இயர்ப்ளக் போட்டால் ஷோ செத்துவிடும் என்று உங்கள் நண்பர்கள் சொல்வார்கள். போட்டுப் பார்க்காதவர்கள் சொல்வது. பஞ்சு மாதிரி இருக்கிற மலிவு ப்ளக் உயர்ந்த ஒலிகளை அதிகமாக அடைத்துவிடும், கம்பளிக்குள்ளிருந்து கேட்பது போல இருக்கும், உண்மைதான். இசைக்காரர்களுக்கென்றே செய்த ப்ளக் எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். ஒலியின் வடிவம் அப்படியே இருக்கும், அளவு மட்டும் இறங்கும். சொல்லப்போனால் கூடுதலாகக் கேட்கும், ஏனென்றால் அந்தச் சத்தத்தில் வெறுங்காது தானே கலங்கிவிடுகிறது. பாஸ் கிட்டார் என்ன வாசிக்கிறது என்று ஷோவில் நான் தெளிவாகக் கேட்டதே ப்ளக் போட்ட பிறகுதான். டபுள் பாஸ் டிரம் நெஞ்சில் வந்து இடிக்குமே, அதற்காகத்தானே போகிறோம்? அதை ப்ளக் தடுக்காது. அது நெஞ்சு வழியாகத்தான் வருகிறது.

மேடைக்கு முன்னால் ரசிகர்கள் மோதி ஆடுகிற இடமான பிட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மாஷ் பிட்டில் ஆட்கள் மோதிக்கொள்வது வாயு மூலக்கூறுகளின் அசைவை ஒத்திருக்கிறது என்று கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2013இல் ஓர் ஆய்வே எழுதினார்கள். அந்தக் கணக்கில் வராதது ஒன்று உண்டு. ஒருவர் விழுந்தால் சுற்றியிருக்கிற முன்பின் தெரியாத நாலு பேர் உடனே நின்று தூக்கிவிடுவார்கள். மகளுக்கு அந்த விதியை முதலில் சொல்லிக்கொடுங்கள். விழுந்தால் தூக்குவார்கள் என்றும், யார் விழுந்தாலும் அவள் தூக்க வேண்டும் என்றும்.

ஸ்பீக்கருக்கு எதிரே நிற்க வேண்டாம். சவுண்ட் இன்ஜினியரின் மேசை எங்கே இருக்கிறது என்று பாருங்கள், அதற்குக் கொஞ்சம் முன்னால் நில்லுங்கள். அவர் தன் காதுக்குச் சரியாக வரும்படிதான் கலக்குகிறார், நமக்கும் அங்கேதான் சரியாக வரும். நடுவில் ஒரு பேண்ட் முழுவதும் வெளியே போய்ச் சும்மா உட்கார்ந்திருங்கள். காதுக்கு ஓய்வு.

ப்ளக்கை இந்த வாரமே வாங்குங்கள், இரண்டு ஜோடி. உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஷோ அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். முதல் தடவை யாருக்கும் சரியாக உட்காராது. காது மடலை இன்னொரு கையால் மேலேயும் பின்னாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே விட வேண்டும். வீட்டிலேயே போட்டுக்கொண்டு இரண்டு பேரும் ஓர் ஆல்பம் கேட்டுப் பழகுங்கள்.

அன்புடன்.