ஆப்பிள் கொள்முதல்: கேள்வி – பதில்

கேள்வி: மதுரையில் பழ மொத்த வியாபாரம் செய்கிறோம். சிம்லா பக்கத்து விவசாயிகளிடமே நேரடியாக ஆப்பிள் எடுக்க ஆசை. போன சீசனில் எடுத்த சரக்கு நல்ல சிவப்பு. ஆனால் பத்தே நாளில் மாவாகிவிட்டது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: நிறத்தை நம்பியதில்தான் கோளாறு. விலை ஏறியிருக்கும் சீசன் தொடக்கத்தில் எத்திஃபான் என்ற பழுக்க வைக்கும் மருந்தைத் தெளித்துச் சிவக்க வைப்பவர்கள் உண்டு. அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு தோலைச் சிவக்க வைப்பதோடு நிற்காது, சதையையும் தளர்த்திவிடும்.

கெட்டித்தன்மையை அளந்துவிட்டுப் பேரம் பேசுங்கள். அதற்கு 11 மி.மீ. முனையைப் பழத்தில் அழுத்தி அளக்கும் கைக்கருவியான பெனெட்ரோமீட்டர் போதும். லாட்டுக்கு, அதாவது ஒரு தொகுதிச் சரக்குக்கு, 10 பழம் எடுத்து, ஒவ்வொன்றிலும் எதிரெதிராக இரண்டு இடத்தில் தோலை மெல்லிய வில்லையாகச் சீவிவிட்டு அழுத்துங்கள். தோலோடு அழுத்தினால் அளவு கூடுதலாகக் காட்டும். டெலிஷியஸ் ரகத்தில் கருவி காட்டும் அழுத்தம் சராசரி 16 பவுண்டுக்கு மேல் இருந்தால் குளிர்கிடங்கில் வைக்கலாம். 13, 14 என்றால் வந்ததும் விற்றுவிட வேண்டிய சரக்கு. அதற்கேற்ற விலை கேளுங்கள். 12க்குக் கீழே இருந்தால் சும்மா கொடுத்தாலும் லாரி வாடகை நட்டம்.

அடுத்தது எடை. பழைய டெலஸ்கோப்பிக் பெட்டியின் உயரத்தை இழுத்துக் கூட்டலாம் என்பதால் 28, 30 கிலோ கூடத் திணித்து, பெட்டிக் கணக்கில் விலை பேசிவந்தார்கள். விவசாயிக்குக் காசு நட்டம், அடித்தட்டுப் பழம் நசுங்கும். 2024 சீசனிலிருந்து இமாச்சலில் உயரம் மாறாத யுனிவர்சல் பெட்டி கட்டாயம். ஏறத்தாழ 20 கிலோ பிடிக்கும். காஷ்மீர்ப் பெட்டியின் எடை வேறு. ரூ.1,600 பெட்டி 20 கிலோ என்றால் கிலோ ரூ.80, 16 கிலோ என்றால் ரூ.100. நிகர எடையைப் போட்டுப் பார்க்காமல் கை கொடுக்காதீர்கள். லாட்டின் நடுவிலிருந்து ஒரு பெட்டியை நீங்களே உருவி, அடித்தட்டு வரை பிரித்துப் பாருங்கள். மேல்தட்டு எல்லாப் பெட்டியிலும் அழகாகத்தான் இருக்கும்!

குளிர்வண்டியில் 0–2 டிகிரியில் வரும் பழத்தைப் பகல் வெயிலில் இறக்கிப் பிரித்தால் வியர்த்து, அட்டை நமுத்து, அடுக்கு சரியும். இரவில் இறக்குங்கள், பழத்தின் குளிர் தணியும்வரை பெட்டியைத் திறக்க வேண்டாம். வாழைக்காய் இருக்கும் அறையில் ஆப்பிளை வைத்தால் காய் முன்கூட்டியே பழுத்துவிடும்.

கேள்வி: ஆலங்கட்டி பட்ட பழம் பாதி விலைக்குக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

பதில்: தழும்பு காய்ந்து தக்கைபோல் ஆறியிருந்தால் எடுக்கலாம், ருசியில் குறை இருக்காது. தோல் கிழிந்து ஈரமாக இருந்தால் வேண்டாம். வழியிலேயே அழுகி, பக்கத்துப் பழத்தையும் கெடுக்கும். ஆறிய பழத்தைத் தனி லாட்டாக, ஜூஸ் கடைகளுக்கு முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு வரவழையுங்கள். இமாச்சல் அரசு 2024இல் கழிவுத்தரப் பழத்தைக் கிலோ ரூ.12க்கு எடுத்தது, பேரத்துக்கு அதை அடிவிலையாக வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கூட்டியே கொடுங்கள். கழிவை வாங்கிக்கொள்பவருக்குத்தான் தோட்டக்காரர் அடுத்த சீசனில் ஏ கிரேடை ஒதுக்கிவைப்பார்.