ரோஜா இலையில் வட்ட வெட்டு: மருந்து வேண்டாம்

வணக்கம். பங்குனியில் துளிர்த்த ரோஜா இலைகளின் ஓரம் வட்ட வட்டமாக வெட்டுப்பட்டிருக்கிறது, புழுவையும் காணோம், என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் வெட்டைக் கவனியுங்கள். புழு தின்றால் ஓரம் பிசிறாக இருக்கும், கீழே கறுப்பு எச்சம் கிடக்கும். கத்தரியால் நறுக்கியதுபோல் சுத்தமான அரைவட்டம் என்றால் அது இலைவெட்டித் தேனீ. அது இலையைத் தின்பதில்லை. துண்டைச் சுருட்டிக் காலிடுக்கில் பிடித்துப் பறந்துபோய், மூங்கில் துளையிலோ சுவர் ஓட்டையிலோ செருகி அறை கட்டும். ஒவ்வோர் அறையிலும் மகரந்தமும் பூந்தேனும் கலந்த உணவு, அதன்மேல் ஒரே ஒரு முட்டை. எவ்வளவு பொறுமையான வேலை!

வெயில் ஏறியதும் செடியருகே அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். சில நொடிகளில் வெட்டி முடித்துவிடும். மற்றத் தேனீக்கள்போல் காலில் அல்ல, வயிற்றின் அடியில்தான் மகரந்தம் அப்பியிருக்கும். என் மாடித் தோட்டத்தில் அதை முதலில் பார்த்த அன்று காபி ஆறியதுகூடத் தெரியவில்லை.

வளர்ந்த செடிக்கு இதனால் ஒன்றும் ஆகாது. துவரைப் பூவில் மகரந்தச் சேர்க்கை செய்வதும் இந்த இனம்தான், அதனால் தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள். புதிதாக நட்ட சின்னச் செடி என்றால் மட்டும் கொஞ்ச நாள் கொசுவலை போட்டு மூடுங்கள்.