ஈரலுக்குள்ள கதிர்வீச்சு

கேள்வி: எங்க அப்புச்சிக்கு ஈரல்ல கேன்சருங்க. கோயமுத்தூர் டாக்டர் கதிரியக்க மணிய ரத்தக்குழாய்ல விடலாம்ங்கறார். நல்ல ஈரலும் வெந்து போயிராதுங்களா?
- வாசகர், கோபிச்செட்டிபாளையம்

பதில்: அப்படிப் பயப்பட வேண்டாமுங்க. கட்டி பெரும்பாலும் தமனி ரத்தத்துலதான் வளருது, நல்ல ஈரலுக்கோ முக்கால்வாசி ரத்தம் போர்ட்டல் சிரை (குடல்ல இருந்து ஈரலுக்கு வர்ற ரத்தக்குழாய்) வழியா வருது, அதனால தமனியில விட்ட மணி கட்டிப்பக்கமாப் போயி அடைச்சுக்கும். யிட்ரியம்ங்கற உலோகம் கலந்த கண்ணாடிய 20-30 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) மணியாக்கி, அணு உலைல நியூட்ரான் பட வெச்சா அது கதிர் வீசற யிட்ரியம்-90 ஆயிரும், அதோட பீட்டா கதிர் சராசரியா 2.5 மில்லிமீட்டர்தான் பாயும், 64 மணி நேரத்துல வீரியம் பாதியாயிரும். நம்ம பாபா அணு ஆராய்ச்சி மையமே இந்த மணிய உருவாக்கியிருக்குதுங்க, பெரிய வேலைதான்! ஆனா எல்லாருக்கும் ஒத்துவராது. மணி நுரையீரலுக்குத் தாண்டுதான்னு முன்னாடியே ஒரு ஸ்கேன் எடுப்பாங்க, அத மட்டும் வேண்டாம்னு சொல்லிராதீங்க.